எந்த மாடு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோ ஒன்று வந்தது. “கட்டாக்காலி மாடுகளின் உரிமையாளர்களுக்கு அறியத் தருவதாவது…” என்று தொடங்கி, வீதியில் திரியும் மாடுகள் பிடிக்கப்படும், தண்டப்பணம் அறவிடப்படும், குறித்த நாளுக்குள் மீட்காவிட்டால் ஏலத்தில் விடப்படும் என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனது. முற்றத்தில் பந்து உருட்டிக்கொண்டிருந்த அக்காவின் மகன் உள்ளே ஓடிவந்தான். ஐந்தாம் ஆண்டு படிக்கிறான்.

“சித்தி, கட்டா எண்டால் மீன்தானே?”

“ஓம்.”

“காலி எண்டால் கொழும்புக்கு அங்கால இருக்கிற ஊர்தானே?”

“ஓம்.”

“அப்ப மீனும் ஊரும் சேர்ந்தால் எப்பிடி மாடாகும்?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. கட்டா என்றால் இந்தக் கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு மீன்தான். எங்கள் வீட்டில் மாதத்தில் நாலு நாளாவது கட்டாக் கருவாடு. காலி என்றால் வரைபடத்தின் அடியில் இருக்கும் ஊர். பள்ளிக்கூடமும் சந்தையும் அவனுக்குக் கொடுத்த அர்த்தங்களை வைத்து அவன் கூட்டிப் பார்த்திருக்கிறான். விடை மாடு என்று வரவில்லை. அவ்வளவுதான்.

சொல்லைப் பிரித்துக் காட்டினேன். கட்டா, காலி. கட்டாத காலி. ‘காலி’ என்பது மாட்டுக்கு ஒரு பழைய பெயர். இப்போது யாரும் தனியாகச் சொல்வதில்லை. ‘கன்றுகாலி’ என்று சோடியாகச் சொல்லும்போதும், ‘கட்டாக்காலி’ என்று திட்டும்போதும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலையாளத்தில் இன்றைக்கும் மாடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ‘கன்னுகாலி’தான். காலை உடையது காலி. நாற்காலி, முக்காலி என்கிறோமே, அந்தக் காலி. நாங்கள் கதிரை என்று போர்த்துக்கேயச் சொல்லைப் பிடித்துக்கொண்டதால் நாற்காலி இங்கே பாடப்புத்தகத்துக்குள் மட்டும் கிடக்கிறது. பெடியனுக்கு அதைச் சொன்னவுடன் கதிரையைக் குனிந்து பார்த்துக் கால்களை எண்ணினான். ‘கால்நடை’ என்ற அலுவலகச் சொல்லும் இதே வழியில் வந்ததுதான். மாட்டைப் பார்த்த தமிழன் முதலில் கொம்பைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்திருக்கிறான். நடந்து போய்விடக்கூடிய சொத்து அல்லவா. அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

சரி, காலி என்ற ஊர்? அதற்கும் மாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. சிங்களத்தில் மாடு அடைக்கும் இடத்துக்குக் ‘கால’ என்று ஒரு சொல் உண்டு. வண்டில்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்டிய இடம் என்பதால்தான் அந்த ஊருக்கு அப்படிப் பெயர் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை, போர்த்துக்கேய மொழியில் ‘காலோ’ என்றால் சேவல், அதிலிருந்து வந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மாட்டுக் கதைதான் பிடிக்கும். சம்பூரில் எங்கள் மாமா மாட்டை அடைக்கும் இடத்தைக் ‘காலை’ என்பார். “காலையில போய்ப் பார்” என்று அவர் சொன்னால் விடியக்காலையில் போய்ப் பார் என்றும் எடுக்கலாம், மாட்டுக்காலைக்குள் போய்ப் பார் என்றும் எடுக்கலாம். சின்ன வயதில் இந்தக் குழப்பத்தில் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

பெடியன் திருப்தியாகிப் பந்துக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் அந்த ஒலிபெருக்கி காதை விட்டுப் போகவில்லை. காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் ஒரு கட்டாக்காலி மாட்டோடு அறிமுகமானேன். வலது மணிக்கட்டு இன்னும் மழைக்கு நோகும்.

நிலாவெளி வீதி, சாம்பல்தீவுச் சந்திக்கு இந்தப் பக்கம், இரவு ஒன்பது மணி இருக்கும். ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். அங்கே இரவில் மாடுகள் வீதியில் படுக்கும் என்பது ஊர் அறிந்த விசயம். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தார் இரவில் மெல்ல மெல்ல விடும், அந்தச் சூட்டுக்கு வந்து கிடக்கும். முன்னால் வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. பஸ் கடந்தது. அடுத்த கணம் நான் வீதியில் கிடந்தேன். ஒரு கறுத்த உருவம் மெதுவாக எழும்பி, பின்பக்கத்தை உதறிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பனை வடலிக்குள் போனது.

மணிக்கட்டில் வெடிப்பு. ஸ்கூட்டியின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது. காப்புறுதி இருந்ததால் பணம் வரும் என்று நம்பினேன். அங்கேதான் ‘மாடு’ என்ற சொல் என்னை இரண்டாம் முறை முட்டியது.

முறைப்பாட்டில் நான் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: “வீதியில் படுத்திருந்த மாட்டுடன் மோதுண்டேன்.” அதைச் சிங்களத்தில் எழுதியவர் ‘கொனெக்’ என்று எழுதியிருக்கிறார். எருது ஒன்று. காப்புறுதிக்காரர்களுக்கு என் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தவர் ‘கவ்’ என்று போட்டுவிட்டார். பசு. வாகனத்தைப் பார்க்க வந்த மதிப்பீட்டாளர் தன் அறிக்கையில் ‘கேட்டில்’ என்று எழுதினார். அது ஆங்கிலத்தில் பன்மை. கேட்டிலுக்கு ஒருமையே கிடையாது. ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, அந்தக் கடிதத்தை மட்டும் மறக்க மாட்டேன். ஆவணங்களுக்கிடையில் முரண்பாடு உள்ளதாம். மோதிய மிருகங்கள் எத்தனை, எவ்வகையானவை என்பதைத் தெளிவுபடுத்தவாம்.

அதாவது என் ஒற்றை மாடு கடதாசியில் ஓர் எருது, ஒரு பசு, அதோடு ஒரு மந்தை என்று பெருகியிருந்தது. மாமா கேட்டால் பொலிந்திருக்கிறது என்பார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மூன்று பேரும் தங்கள் மொழிக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறார்கள். தமிழில் மாடு என்பது ஒன்றையுமே காட்டிக்கொடுக்காத சொல். ஆணா பெண்ணா, குட்டியா கிழமா, பால் தருமா, வண்டில் இழுக்குமா, எதையும் சொல்லாது. எண்ணிக்கையைக்கூடச் சொல்லாது. “ஐம்பது மாடு நிக்குது” என்றால் போதும், மாடுகள் என்று நீட்டத் தேவையில்லை. விவரம் வேண்டுமானால் முன்னால் ஒரு சொல்லைப் பூட்ட வேண்டும்: கறவை மாடு, வண்டில் மாடு, சினை மாடு, நாட்டு மாடு. நுகத்தில் ஒன்றைப் பூட்டுவது போலத்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒற்றை உருவத்தைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டுமானால் அது ஆணா பெண்ணா என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பேச்சில் எல்லாவற்றையும் ‘கவ்’ என்று சமாளிக்கிறார்கள். படிவத்தில் சமாளிக்க முடியாது. சிங்களம் எங்களுக்குக் கிட்ட: ‘ஹரக்கா’ என்றால் ஏறத்தாழ மாடுதான். திட்டுவதற்கும் அதே சொல்லைத்தான் எடுப்பார்கள், நாங்கள் மாடு என்று திட்டுவது போல. ஆனால் எழுதும்போது அந்த உத்தியோகத்தருக்கு ஹரக்கா மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கலாம். கொனா என்று போட்டுவிட்டார்.

எருமையின் கதை வேறு. நாங்கள் ‘எருமை மாடு’ என்கிறோம், சிங்களவர் ‘மீ ஹரக்கா’ என்கிறார்கள். இரண்டு மொழியிலும் எருமை மாட்டுக் குடும்பத்துக்குள் சேர்த்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் வெறுமனே மாடு என்றால் ஒருவரும் எருமையை நினைக்க மாட்டார்கள். தயிர் என்று வந்தால் தலைகீழ். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வீதியோரத்தில் சட்டி சட்டியாக அடுக்கி வைத்திருப்பது எருமைத் தயிர். அதைத் தயிர் என்றாலே போதும். பசுப்பால் தயிர் என்றால்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். திட்டிலும் ஒரு பாகுபாடு உண்டு. மாடு என்று திட்டினால் மூளை இல்லை என்று பொருள். எருமை என்றால் மூளை இருக்கலாம், சுரணை இல்லை என்று பொருள். கழுதை என்றும் திட்டுகிறோம்தான், ஆனால் இங்கே கழுதையைக் கண்டவர் யார்? அதற்கு மன்னாருக்குப் போக வேண்டும். பார்க்காததை வைத்துத் திட்டினால் அதில் உறைப்பு இல்லை.

காப்புறுதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சம்பூருக்குத் தொலைபேசி எடுத்தேன். மாட்டு விசயம் என்றால் எங்கள் குடும்பத்துக்கு மாமாதான். கதையைச் சொல்லத் தொடங்கினேன். “மாட்டில அடிபட்டிட்டன் மாமா” என்றவுடன் அவர் கேட்டது இது:

“எந்த மாடு?”

கை எப்படி என்று பிறகுதான் கேட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் அவருக்கு அது இயல்பான ஒழுங்கு. பட்டிக்காரரிடம் போய் மாடு என்று சொல்வது, தபால்காரரிடம் போய் வீடு என்று சொல்வது மாதிரி. எந்த வீடு?

“கறுப்பு மாடு மாமா. பெரிசு.”

“பசுவோ, எருதோ?”

“தெரியாது.”

“திமில் பாத்தியோ? கொம்பு விரிஞ்சதோ, உள்வளைஞ்சதோ? அலைதாடி தொங்கிச்சோ?”

“மாமா, நான் கீழ விழுந்து கிடந்தன்.”

“அப்ப நல்லாத் தெரிஞ்சிருக்குமே.”

கறுப்பு, பெரிசு, எழும்பும்போது முன்பக்கம் பாரமாக இருந்தது, அவசரப்படவில்லை. இந்த நாலையும் வைத்து அவர் முடிவுக்கு வந்தார். நலமடித்த எருது, அதாவது விதை நீக்கிய மாடு. பொலிகாளை என்றால் அப்படி அமைதியாகப் போயிராது, இளங்காளையான நாம்பன் என்றால் விழுந்தடித்து ஓடியிருக்கும், பசு என்றால் கன்றைத் தேடிச் சத்தம் போட்டிருக்கும். ஆயுள் முழுக்க வேலை செய்த மாடுதான் இடிபட்டாலும் ஆறுதலாக எழும்பும். பிறகு கேட்டார்: “மாட்டுக்கு ஏதும் நடந்ததோ?” நான் நிரப்பிய படிவங்கள் எட்டோ ஒன்பதோ. ஒன்றிலும் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

மாமாவின் பேச்சில் மாடு என்ற சொல் வருவதே குறைவு. பிறந்தால் நாம்பன் கன்று அல்லது நாகு கன்று. நாகு என்பது அவருக்கு ஊர்ப்பேச்சு. தொல்காப்பிய மரபியலில் பெண்பாற் பெயர்களில் ஒன்றாக அதே நாகு நிற்கிறது, எருமைக்கும் பெற்றத்துக்கும். நத்தைக்கும்கூட அந்தப் பெயரைக் கொடுக்கிறது அந்த நூல், ஏனென்று மாமாவிடம் கேட்டால் முறைப்பார். பெற்றம் என்பது மாட்டின் இன்னொரு பழைய பெயர். திருப்பாவையில் “பெற்றம் மேய்த்துண்ணும் குலத்தில் பிறந்து” என்று வரும். அந்தச் சொல் எங்கள் பேச்சில் செத்துப் போய்விட்டது. நாகு சாகவில்லை. எது நிற்கும் எது போகும் என்பதற்குக் கணக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ‘விடை’யும் அப்படித்தான். எங்கள் ஊரைப் பாடிய சம்பந்தர் பதிகத்தின் முதற் பாட்டிலேயே கோணேசர் “கொடியணி விடையர்”. காளைக் கொடி பிடித்தவர். பரீட்சையில் விடை எழுதும் பிள்ளைகளுக்கு அந்த விடை வேறு, இந்த விடை வேறு என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் நல்லது. எருதின் மூக்கில் குத்தும் கயிற்றை மாமா நாணயக்கயிறு என்பார். நாணயம் குத்தாத மாடு சொல்வழி கேளாதாம். மனிசரைப் பற்றியும் அதையே சொல்வார், சிரிக்காமல்.

நெல் சூடடிக்கும் களவெட்டிக்குள் இறங்கினால் பேச்சே மாறிவிடும். அது மாமாவின் தகப்பன் காலத்துக் கதை, மாட்டை வளைத்துச் சூடு மிதித்த காலம். களத்தில் வழக்கமான பெயர்களைச் சொல்லக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர். நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள், மாட்டைச் சாய்க்கும்போதும் பொலி பொலி என்றுதான் குரல் கொடுப்பார்கள். பெயரைச் சொன்னால் பூதம் கேட்டு அள்ளிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. பொலிதல் என்றால் பெருகுதல். பொலிகாளைக்கும் அதே பொலிதான். இப்போது வயலுக்குள் வெட்டுமெசின் இறங்கி ஒரு பொழுதில் எல்லாம் முடிந்துவிடுகிறது, பூதத்துக்கு வேலை இல்லை.

பெருகுதல் என்று வந்ததால் செல்வத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கல்வி அதிகாரம் படிப்பித்த அன்று வகுப்பே கொல்லென்று சிரித்தது. 400ஆவது குறள்:

கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு
மாடல்ல மற்றை யவை.

‘மற்றவையெல்லாம் மாடு இல்லை’ என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் உரை சொன்னான். இங்கே மாடு என்றால் செல்வம். பரிமேலழகரும் கல்வி ஒழிந்த மணி, பொன் முதலானவை செல்வம் அல்ல என்றுதான் எழுதுகிறார். அந்தப் பின்வாங்குக்காரன் பிழையென்று அன்றைக்கு ஆசிரியர் குட்டினார். எனக்கு இப்போது அவன் பாதி சரி என்று படுகிறது. பொன்னுக்கும் பொருளுக்கும் மாடு என்று பெயர் வைக்க முடிந்தது, மாடுதான் பொருளாக இருந்த ஒரு காலத்தைத் தாண்டி வந்ததால்தானே. தமிழ் மட்டும் இப்படி இல்லை. என்னைப் படாதபாடு படுத்திய அந்தக் கேட்டிலின் வேரும் சொத்துத்தான். மூலதனத்தைச் சொல்லும் கேப்பிட்டலும் அதுவும் ஒரே இலத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். பணத்துக்கு இலத்தீனில் ‘பெக்கூனியா’; மந்தைக்குப் ‘பெக்கூஸ்’. எந்தப் பக்கம் தோண்டினாலும் அடியில் ஒரு மாடு படுத்திருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்குக் கல்லில் சாட்சி உண்டு. பெரியகுளத்தடியில் இருக்கும் வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளில் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு நொந்தாவிளக்கு எரிக்க மாடு கொடுத்த செய்தி இருக்கிறது. நொந்தாவிளக்கு என்றால் அணையாத விளக்கு. காசைக் கொடுத்தால் ஒருநாள் தீர்ந்துவிடும். மாட்டைக் கொடுத்தால் பால், பாலில் நெய், நெய்யில் விளக்கு. கிழடு செத்தாலும் கன்று நிற்கும். சோழர் கல்வெட்டுகளில் இப்படிக் கொடுத்த ஆட்டை ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். சாகாது, மூப்படையாது. மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது பொறுப்பெடுத்தவரின் கடமை. வங்கியில் நிலையான வைப்பு என்று இன்றைக்குச் சொல்வது அதைத்தான். மாட்டுக்குக் கன்று போடத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாடு என்ற சொல்லுக்குப் பக்கம் என்றும் ஒரு பொருள் இருந்தது. ‘அவன்மாட்டு அன்பு’ என்று மேடைத் தமிழில் கேட்டிருப்பீர்கள். அவனிடத்து அன்பு. பெடியனுக்கு அதைச் சொன்னபோது, “அவன்ர மாட்டில அன்போ?” என்று கேட்டான். விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுக்க முடியாது.

கடைசியில் காப்புறுதிக்கு நான் எழுதிய விளக்கக் கடிதம் ஒரே வரி: “மோதியது ஒரு மாடு, அது ஆண், நலமடிக்கப்பட்டது, உயிருடன் உள்ளது.” மாமா சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு மாதத்தில் பணம் வந்தது. ‘மிருகத்தின் உரிமையாளர்’ என்ற கட்டத்தில் மட்டும் சிறு கோடு போட்டு அனுப்பியிருந்தேன். அது யாருடைய மாடு என்று நான் விசாரித்ததே இல்லை. கட்டாக்காலிதானே என்று விட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கி வந்த அடுத்த கிழமை மாமா வந்திருந்தார். கண் ஆசுபத்திரிக்குக் காட்ட. முன்பெல்லாம் மூதூரிலிருந்து லோஞ்சில் ஏறிக் கடலால் வர வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, அந்த வழியில் மற்றப் பாலங்களும் வந்த பிறகு பஸ்ஸில் இருந்த இடத்திலேயே இருந்து வந்து இறங்கிவிடலாம். ஆனாலும் மாமா வந்து இறங்கியவுடன் கடலைத்தான் பார்ப்பார். பின்னேரம் பெடியனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் வீதிக்குப் போனோம். மாடுகள் தாருக்கு வரும் நேரம். ஏழெட்டு நின்றன. சில படுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தன. நகரத்துக்குள் என்றால் புள்ளிமான்களும் இப்படித்தான், கோட்டையடியிலிருந்து இறங்கிக் கடைத்தெருவரைக்கும் வரும். அவற்றைப் பார்த்து ஒருவரும் கட்டாக்காலி மான் என்று சொல்வதில்லை. படம் பிடிப்பார்கள். மான் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. மாட்டுக்குத்தான் எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

ஓரத்தில் ஒரு கறுப்பு எருது நின்றது. வலக் கொம்பின் நுனி உடைந்திருந்தது.

“இதுதான் மாமா எண்டு நினைக்கிறன்.”

மாமா அவசரப்படவில்லை. முன்னால் போகாமல் பக்கவாட்டில் போய் நின்றார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். எருது காதைத் திருப்பியது. கிட்டப் போய்த் தொடையில் கையை வைத்தார். சுட்ட குறி ஒன்று இருந்தது, ஆனால் பழையது, மயிர் மூடிப் பரவிப்போயிருந்தது. விரலால் தடவித் தடவி வாசிக்கப் பார்த்தார். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததாலோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டுதான் தடவினார். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். இதற்கு இரண்டு சூடு விழுந்திருந்தது, ஒன்றின் மேல் ஒன்று.

“ரெண்டு கை மாறியிருக்கு,” என்றார். “எழுத்துப் பிடிபடுதில்ல.”

“ஆற்ற மாடு தாத்தா?” பெடியன் கேட்டான்.

மாமா பதில் சொல்லவில்லை. அவரிடம் ஒருகாலம் நாற்பத்து மூன்று நின்றன. 2006இல் சண்டை மூண்டு சம்பூரில் செல் விழத் தொடங்கியபோது, பிள்ளைகளை வெருகல் பக்கம் அனுப்பிவிட்டு, அவர் மட்டும் ஒரு தரம் மாட்டுக்காலைக்குத் திரும்பி ஓடியிருக்கிறார். கட்டியிருந்த ஒவ்வொன்றையும் அவிழ்த்தார். அவிழாத முடிச்சை வெட்டினார். வாசல் கடப்பை முழுதாகத் திறந்துவிட்டு வந்தார். கட்டிக் கிடந்தால் தண்ணி இல்லாமல் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது போய்ப் பிழைக்கும் என்று. வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று பத்து வருடம் போனது. ஊருக்குத் திரும்பிப் போனபோது காலை இருந்த இடத்தில் விளாத்தி முளைத்திருந்தது. ஒன்றிரண்டு மாடு காட்டோரம் மேய்ந்ததாம், ஆளைக் கண்டால் ஓடுமாம். “என்ர எண்டு சொல்ல ஏலுமோ, குறியைப் பாக்கக் கிட்டப் போக ஏலாதே,” என்று ஒரு தரம் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

எருதின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அது விட்டது. மூக்கைப் பெருவிரலால் மெல்ல நிமிர்த்திப் பெடியனைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வா. இதைப் பார்.”

மூக்கு நடுவில் ஒரு துளை. கயிறு இல்லை. கயிறு அறுத்து அறுத்து ஓரம் தடித்துப்போன, பழைய, பெரிய துளை.

“நாணயம் குத்தியிருக்கு,” என்றார் மாமா. “இதைக் கட்டித்தான் வச்சிருக்கினம்.”

பெடியன் குனிந்து பார்த்தான். அந்தத் துளைக்குள்ளால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்ததாம், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னான்.